குதிரை குதிரையாகவே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பழமொழிகளுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் குடிப்பெயர்களுக்கும் ‘உண்மையான பொருள்’ இதுவே என்று கூறும் பகுதி சில வாரங்களாக வெளிவருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதை ஆவலோடு படிக்கத் தொடங்கினேன். வாரங்கள் செல்லச் செல்ல ஆவல் குறைந்து மனக்குறை மிகுந்துவிட்டது. கைப்பேசியில் நாள்தோறும் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் விளக்கங்களே, ஓர் எழுத்தும் சரிபார்க்கப்படாமல், அச்சில் வருவதால் கிடைக்கும் மதிப்போடு அங்கே இடம்பெறுகின்றன. அவற்றுள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை ஏன் பொருந்தா என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்னும் பழமொழி. மண்ணால் செய்த குதிரையை நம்பி எவராவது ஆற்றில் இறங்குவாரா என்று கேட்டுவிட்டு, இது ‘மண் குதிர்’ என்பதன் திரிபு என்றும், குதிர் என்றால் ஆற்றின் நடுவே தோன்றும் மணல் திட்டு என்றும் கட்டுரையாளர் முடிவு கூறியிருக்கிறார். எங்கள் பக்கத்து வீடுகளில் குதிர் என்றால் நெல்லும் சோளமும் கொட்டி வைக்கும் பெரிய மண்கூடுதான். அதைக் கொண்டுபோய் ஆற்றின் நடுவே வைக்க வேண்டிய தேவை கட்டுரையாளருக்கு மட்டுமே நேர்ந்திருக்கிறது. அது போகட்டும், இலக்கணத்தைப் பார்ப்போம். குதிர் என்னும் சொல்லோடு ஐ உருபு சேர்ந்தால் ‘குதிரை’ என்றுதான் ஆகும். ஆகவே பழமொழி ‘மண் குதிரை நம்பி’ என்று வழங்கியிருக்க வேண்டும். நம் மக்கள் வாயில் வழங்குவதோ ‘குதிரையை நம்பி’ என்பது. அந்த இரண்டாவது ‘ஐ’ எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மணல் திட்டுக்காரர்கள் விடை சொல்வதில்லை.

அதைவிட முக்கியமானது, மண் குதிரை என்பது நமக்குப் புதிய பொருளே அன்று என்பது. ஐயனார் கோயில் வாசலிலும் முனியப்பன் கோயில் திடலிலும், சூளையில் சுட்டு வண்ணம் பூசி, ஆளுயரத்திற்கும் மேலாக நிறுத்தப்பட்ட குதிரைகளைக் காணாமல் வளர்ந்தவர்கள் நம் ஊர்ப்பக்கங்களில் மிகச் சிலரே இருப்பார்கள். கடிவாளம், சேணம், கழுத்துமணி என்று எல்லாம் குறைவில்லாமல் அமைந்த அந்தக் குதிரை பார்ப்பதற்குக் கம்பீரமானது; ஆனால் ஏறி ஆற்றைக் கடக்க உதவாது. சுடாத மண்ணாக இருந்தால் நீர் பட்டதும் கரைந்தும் போகும். பார்வைக்கு மிடுக்காக இருக்கிறது என்பதற்காக ஒருவரையோ ஒன்றையோ நம்பிவிடாதே என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உருவகம் வேறென்ன வேண்டும்? யாரும் செய்யத் துணியாத செயலைக் கூறி நகைப்பதுதான் பழமொழியின் வழக்கம். யாரும் செய்யமாட்டார்களே என்று அதைத் திருத்தப் புகுந்தால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதையும் நாளை வேறு ஏதோ ஒன்றாகத் திருத்த வேண்டியிருக்கும்.

‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பதும் இந்தத் திருத்தத்திற்குத் தப்பவில்லை. ‘கழு’ என்ற ஒருவகைக் கோரையைப் பாயாகத் தைத்தால் கற்பூர மணம் வீசும் என்றும், ஆகவே அது ‘கழு தைக்கத் தெரியும் கற்பூர வாசனை’ என்றும் எழுதியிருக்கிறார்கள். நான் அம்மாபேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். துணியானாலும் பாயானாலும் அதை நெய்வார்கள், பின்னுவார்கள், முடைவார்கள். தைப்பது அதன்பிறகு ஊசியும் நூலும் கொண்டு செய்யும் வேறு வேலை. கோரையைப் ‘பாயாகத் தைப்பது’ என்ற தொடரை எழுதியவர் பாய்த்தறியின் அருகில் ஒருமுறையும் நின்றதில்லை என்பது அந்த ஒரு சொல்லிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. மேலும், என் பாட்டி இதே பழமொழியைக் ‘கழுதை அறியுமா கந்தப்பொடி வாசம்’ என்றுதான் சொல்வார். மணப்பொருள் மாறுகிறது, கழுதை மாறவில்லை. கற்பூரமே இல்லாத அந்த வடிவத்தில் கழுவுக்கும் கோரைக்கும் என்ன வேலை?

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பதை ‘ஆயிரம் வேரைக் கண்டவன்’ என்று மாற்றுவதற்கு ஓரெழுத்துப் போதாமல் இரண்டு சொற்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. வேரைக் கொல்ல முடியாதல்லவா? ‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பதைச் சஷ்டி விரதமாக்கி, அகப்பையை ‘அகத்தில் உள்ள பை’ என்று பிரித்துக் கருப்பையாக்கிக் காட்டுகிறார்கள். சட்டியும் அகப்பையும் ஒரே அடுப்பங்கரையில் சேர்ந்திருக்கும் பொருள்கள் என்பது சோறு வடித்த எவருக்கும் தெரியும். ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்பதில் ஆமை என்பது கல்லாமை, முயலாமை, பொறாமை என்று விளக்கம் கூறியவர், அடுத்து வரும் அமீனாவை என்ன செய்வது என்று தெரியாமல் அந்தப் பாதியையே விட்டுவிட்டார். அமீனா என்பது நீதிமன்றத்தின் கட்டளையோடு ஜப்தி செய்ய வருபவர். அரபு மூலத்திலிருந்து ஆட்சி மொழி வழியாக நமக்கு வந்த சொல். கடன் வாங்கிய வீட்டு வாசலில் அவர் வந்து நின்ற காலத்தில்தான் இப்பழமொழியின் இன்றைய வடிவம் தோன்றியிருக்க முடியும். தன் வயதைத் தானே சொல்லிக்கொண்டு நிற்கும் ஒரு பழமொழியை, அந்தச் சான்றையே வெட்டி எறிந்துவிட்டு, வேத காலத்து அறிவுரையைப் போல் காட்டுவது என்ன ஆராய்ச்சியோ எனக்கு விளங்கவில்லை.

இத்திருத்தங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதைத் தாங்கள் கவனித்திருக்கலாம். வைத்தியரைக் கிண்டல் செய்த பழமொழி, திருத்திய பிறகு வைத்தியரைப் புகழ்கிறது. கழுதையை நகைத்தது பாயைப் பாராட்டுகிறது. சட்டியில் இல்லாததை அகப்பை எப்படிக் கொண்டுவரும் என்ற கசப்பான உண்மை விரத மகிமையாகிவிடுகிறது. நம் முன்னோர்கள் எப்போதும் கைகூப்பிக்கொண்டு நல்லதையே பேசியிருக்க வேண்டும், அவர்களுக்கு நையாண்டியும் எரிச்சலும் குசும்பும் இருந்திருக்கவே கூடாது என்று இவர்கள் விரும்புவதுபோல் தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த முன்னோர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்.

பழமொழி காலப்போக்கில் மாறவே மாறாது என்று நான் வாதிடவில்லை. அது எப்படி மாறும் என்பதற்கு நம்மிடம் எழுத்துச் சான்றே இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான பழமொழி நானூறு, முன்றுறையரையனார் பாடியது. ஒவ்வொரு வெண்பாவிலும் ஒரு பழமொழியை வைத்திருக்கிறது. ‘மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும்’ என்று அதில் வருவதை இன்று தவளை தன் வாயால் கெடும் என்கிறோம். ‘நிறைகுடம் நீர் தளும்பல் இல்’ என்பது நிறைகுடம் தளும்பாது ஆகியிருக்கிறது. ‘பாம்பு அறியும் பாம்பின கால்’ என்பது பாம்பின் கால் பாம்பறியும் என்று சொல் இடம் மாறியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் நாவில் உருண்டும் வழக்கொழிந்த சொல்லுக்குப் பதில் வழங்கும் சொல் வந்ததே தவிர, தவளை தவளையாகவும் குடம் குடமாகவும் பாம்பு பாம்பாகவுமே இருக்கின்றன. சொல் மாறும், காட்சி நிலைக்கும். திருத்தக்காரர்கள் சொல்வதோ இதற்கு நேர்மாறானது: ஒலி அப்படியே இருக்க, காட்சி மட்டும் ஒட்டுமொத்தமாக மறைந்துபோயிற்றாம்.

இதைச் சொல்லும் நானே இத்தகைய பிழையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவிபாடும்’ என்பதற்கு, கம்பர் வீட்டிலிருந்த கைத்தறிகூடக் கவிதை பாடும் என்றுதான் வகுப்பில் பொருள் சொல்லி வந்தேன். குழித்தறியின் ஓசையைக் கேட்டுக் கண்விழித்து, பள்ளிக்குப் போகும் முன் தார் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளைக்குத் தறி என்றால் வேறு எதுதான் நினைவுக்கு வரும்? நாடா ஓடும் தாளத்தைக் கவியின் சந்தத்தோடு ஒப்பிட்டு நான் விளக்கியபோது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ஒருநாள் சுகவனேசுவரர் கோயிலில் ஓதுவார் ஒருவர் அப்பரின் திருத்தாண்டகத்தை ஓதிக்கொண்டிருந்தார். ‘கன்றாப்பூர் நடுதறியைக் காணலாமே’ என்று ஒவ்வொரு பாடலும் முடிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோழநாட்டுக் கன்றாப்பூரில் இறைவன் பெயரே நடுதறியப்பர். கன்று கட்டும் முளையையே சிவனாக வழிபட்ட அடியார் ஒருத்தியின் கதை அந்த ஊருக்கு உண்டு. தறி என்பது நட்ட முளை, கட்டுத்தறி என்பது மாட்டையோ யானையையோ கட்டும் கம்பம். மாட்டுக் கொட்டிலில் நிற்கும் உயிரற்ற மரக்கட்டைகூட அந்த வீட்டில் கவி பாடும் என்பதல்லவா பழமொழியின் சுவை? தறிகெட்டு ஓடுவது என்பதற்கும், முளையிலிருந்து அறுத்துக்கொண்டு ஓடும் மாட்டை நினைத்துப் பார்த்தால்தான் பொருள் துலங்குகிறது. ஓடுகிற தறி எங்கள் தெருவில் இருந்ததில்லை. சொல்லை யாரும் திரிக்காமலேயே, வாழும் தெருவுக்கு ஏற்பப் பொருள் தானாக இடம்பெயரும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரில் நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்திய திடலுக்குப் பாவடி என்று பெயர். பாவு போடும் வழக்கம் மறைந்த பிறகு பிறந்த என் மாணவன் ஒருவன், பாவாடை விற்ற கடைவீதி அங்கே இருந்ததா என்று என்னிடம் கேட்டிருக்கிறான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஊர்ப்பெயர்களுக்கு வருகிறேன். ஏற்காடு என்பது ‘ஏழு காடு’ என்று தங்கள் இணைப்பின் அந்தப் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. ஏழு காடுகளின் பெயர்களைக் கட்டுரையாளர் கூறவில்லை. சேர்வராயன் மலையில் நான் விசாரித்த எவரும் கூறவில்லை. ஏழு என்பதோடு கடல் சேர்ந்தால் ஏழ்கடல் ஆகிறதே தவிர ஏற்கடல் ஆவதில்லை. ழகரம் இங்கே றகரமாக மாறுவதற்கு விதியில்லை. ஏரியும் காடும் சேர்ந்த பெயர் என்று மலையில் பலரும் சொல்வதற்காவது, கண்முன்னே ஏரியும் அதைச் சூழ்ந்த காடும் சான்றாக நிற்கின்றன. இதே எண்ணிக்கை ஆசைதான் ஆற்காட்டை ‘ஆறு காடு’ ஆக்கியது. நற்றிணையில் அழிசி என்பவனின் ஊராக அது ‘அரியலங்கழனி ஆர்க்காடு’ என்று இடையின ரகரத்தோடு வருகிறது. ஆர் என்பது ஆத்தி மரம். சோழரின் மாலைக்கு மலர் தந்த மரம். பழைய எழுத்தைப் பார்த்திருந்தால் ஆறு என்ற எண்ணைத் தேடி அலைய வேண்டிய தேவையே இல்லை. சேலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: சைலம், சேரலம், சேலை என்று மூன்று மூலங்களை ஒரே மேடையில் மூவர் முழங்கக் கேட்டிருக்கிறேன், மூவருக்கும் பொன்னாடை போர்த்தப்பட்டது. இவ்வளவு கற்பனைக்கு இடையே, செவ்வாய்க்கிழமைதோறும் சந்தை கூடியதால் செவ்வாய்ப்பேட்டை என்ற எளிய விளக்கம் யாரையும் கவர்வதில்லை.

மலையில் வாழும் மலையாளி மக்களைப் பற்றி அந்தப் பகுதியில் வெளியான ஒரு வரி, வேடிக்கை என்று விட்டுவிடக் கூடியது அன்று. அவர்கள் கேரளத்திலிருந்து வந்தவர்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். மலையாளி என்பது மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்றே இங்குப் பொருள்படும். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்து, மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அக்கதை வரலாறா என்பது வேறு கேள்வி. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தின் பூர்வீகத்தைப் பற்றி எழுதுபவர், அவர்கள் தம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையாவது கேட்டிருக்க வேண்டாமா? கீழே படிக்க வரும் அம்மலைப் பிள்ளைகளிடம் ‘உனக்கு மலையாளம் பேச வருமா’ என்று சக மாணவர்கள் கேட்பதை நான் ஆசிரியர் அறைக்கு வெளியே பலமுறை கேட்டிருக்கிறேன். அச்சில் வந்த அந்த ஒரு வரி அந்தக் கேள்விக்கு இனிமேல் சான்றாகவும் பயன்படும்.

இனிக் குடிப்பெயர்களுக்கு வருகிறேன். தமிழருக்கு மேலைநாட்டாரைப் போன்ற குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்குத் தலைப்பெழுத்து. என் பேரன் வேலை பார்க்கும் வெளிநாட்டு அலுவலகத்தில், கடவுச்சீட்டின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை நிரப்பியதால், எல்லோரும் அவனை என் மகன் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்களாம். தெலுங்கு வழிக் குடும்பங்களில் வீட்டுப்பெயர் முன்னால் நிற்கும். சேலம் பகடால நரசிம்மலு நாயுடு (1854–1922) என்று பெயர் பெற்ற பத்திரிகையாளரின் பெயரில் சேலம் ஊரைக் குறிப்பது, பகடால என்பது வீட்டுப்பெயர். பகடம் தெலுங்கில் பவளம். சௌராஷ்டிரரிடமும் இப்படிப்பட்ட வீட்டுப்பெயர்கள் உண்டு. பின்னணிப் பாடகர் டி.எம்.சௌந்தரராஜனின் முதல் தலைப்பெழுத்து தொகுளுவா என்னும் குடும்பப் பெயரே.

ஆனால் தமிழிலும் மிகப் பழைய குடிப்பெயர் ஒன்று எங்கள் வட்டாரத்தில் உயிரோடு இருக்கிறது. கொங்கு வேளாளர் கூட்டப்பெயர்களுள் ஒன்று சாத்தந்தை. இப்பெயரைச் சொன்ன மாணவன் ஒருவனை மற்றவர்கள் ‘சாத்தான்’ என்று கேலி செய்ததால் அவன் தன் கூட்டப்பெயரைச் சொல்லவே கூசினான். அவனுக்கு நான் தொல்காப்பியத்தைக் காட்டினேன். இயற்பெயரை அடுத்துத் தந்தை என்னும் முறைப்பெயர் வந்தால் எப்படிப் புணரும் என்பதற்கு அங்கே தனி விதி இருக்கிறது. சாத்தன் தந்தை சாத்தந்தை, கொற்றன் தந்தை கொற்றந்தை என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். புறநானூற்றில் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பாடிய புலவரின் பெயர் சாத்தந்தையார். சாத்தன் என்பது ஐயனாருக்கும் பெயர். மேலே சொன்ன மண் குதிரைகள் அவருக்குரியவையே. இன்று மகனைத் தந்தை பெயரால் அழைக்கிறோம். அன்று தந்தையை மகன் பெயரால் அழைத்திருக்கிறார்கள். அந்த மாணவன் மறுநாள் தன் தாத்தாவை அழைத்துவந்து மேலும் ஒருமுறை என்னைச் சொல்லச் சொன்னான்.

அதே வரிசையில் ஆந்தைக் கூட்டமும் உண்டு. பறவையின் பெயர்தான் என்று சொல்வோருக்குக் காடைக் கூட்டம் துணை நிற்கிறது. ஆதன் தந்தை ஆந்தையாகும் என்னும் தொல்காப்பிய விதியும், பிசிராந்தையார் என்னும் புலவர் பெயரும், பக்கத்திலேயே இருக்கும் சாத்தந்தையும் மற்றொரு பக்கம் துணை நிற்கின்றன. என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. ஆயினும் இரண்டையும் சொல்லி, எதற்கு என்ன சான்று என்று எழுதுவதே முறை என்று கருதுகிறேன். தங்கள் கட்டுரையாளர் இதுவரை எந்தப் பெயருக்கும் இரண்டாவது வாய்ப்பைச் சொன்னதில்லை.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான். அந்தப் பகுதியை நிறுத்தச் சொல்லவில்லை. இளைஞர்கள் தமிழில் விரும்பிப் படிக்கும் பகுதிகள் அதிகம் இல்லை. ஒரு பழமொழிக்குப் புதுப்பொருள் கூறும்போது, அந்தப் ‘பழைய வடிவம்’ எந்த நூலில், எந்தக் கல்வெட்டில், எந்த ஊர்ப் பேச்சில் கிடைத்தது என்ற ஒரு வரியைக் கட்டுரையாளர் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட பழமொழிகளைக் கொண்ட பெர்சிவல் பாதிரியாரின் தொகுப்பு 1874-இலும், யென்சன் பாதிரியாரின் தொகுப்பு 1897-இலும் அச்சேறிவிட்டன. புரட்டிப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும். அதோடு, தங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு பழமொழியை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை ஊர்ப்பெயரோடு எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டு, வருபவற்றைத் திருத்தாமல் அப்படியே வெளியிடுங்கள். ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களின் முதியவர்கள் தங்கள் ஊர்களின் பெயர்களை எப்படி உச்சரிக்கிறார்கள் என்பதை அங்குள்ள ஆசிரியர்கள் எவரேனும் எழுதினால், அதற்காகவே அந்த இதழை வாங்கிப் பாதுகாப்பேன்.

கட்டுத்தறியைக் கைத்தறி என்று என்னிடம் படித்துச் சென்றவர்கள் சேலத்தில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவர்களுள் எவரேனும் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தால், அது மாடு கட்டும் முளை என்று திருத்திக்கொண்டு, தங்கள் பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொல்லிக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
அம்மாபேட்டை, சேலம்.